முடிச்சுப் போட இடமில்லாத கார்

கார்களைப் பற்றி இந்த ஊரில் எல்லாரும் பேசுவார்கள். மைலேஜ் எவ்வளவு, பிக்கப் எப்படி, ஏசி குளிர்கிறதா என்று ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஜோதியம்மா மட்டும் எந்தக் காரைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"முடிச்சு போட எடம் இருக்குதா?"

கல்யாணக் கார்களுக்குப் பூ அலங்காரம் செய்கிறவர் அவர். செங்கம் ரோட்டில் என் கடைக்கு அடுத்த கடை. என் பெயர் ஜியாவுல்லா. கார் சீட்டுக்கு உறை தைப்பது என் தொழில். இருபத்தெட்டு வருஷமாக எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான் இருக்கிறது. அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். பேசாவிட்டாலும் பரவாயில்லை, நார் வெட்டும் கத்தரிச் சத்தத்தை வைத்தே அந்த அம்மா அன்றைக்கு எவ்வளவு கோபத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன்.

கோபம் கொஞ்சம் ஜாஸ்திதான். அலங்காரம் செய்த காரில் யாராவது சாய்ந்து உட்கார்ந்தால் போதும், மேளச் சத்தத்தையும் மீறிக் கத்துவார். "சாயாதீங்க! பூ கசங்கும்!" மாப்பிள்ளையோ, பெண்ணோ, மாப்பிள்ளையின் தாய்மாமனோ, அவருக்குக் கணக்கே இல்லை. இந்த ஊர்க் கல்யாண ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். ஊர்வலக் காரில் எல்லா மாப்பிள்ளைகளும் ராணுவத்துக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார்கள். பெண் வீட்டார் அதை ஆண்மை, கம்பீரம் என்றெல்லாம் சொல்லிப் பூரித்துப் போவார்கள். எனக்குத் தெரியும், அத்தனையும் ஜோதியம்மாவின் பயம்.

அடி அண்ணாமலை கிராமத்தில் சாமந்தி போடுகிற குடும்பத்தில் பிறந்தவர். திருமலைக்கு வாழ்க்கைப்பட்டு டவுனுக்கு வந்தார். திருமலையைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் அதிகம் பேசமாட்டார். பூத்தொடுப்பார், மனைவி சொன்னதைச் செய்வார், இரண்டையும் சந்தோஷமாகச் செய்வார். ஆரம்பத்தில் இருவரும் கிரிவலப் பாதையில் கூடையில் வைத்துப் பூ விற்றவர்கள். இன்றைக்கும் பௌர்ணமி என்றால் டவுனுக்குள் கார் நுழைய முடியாது, எங்கள் இருவருக்கும் கடையில் ஈ ஓட்டுகிற வேலைதான். ஜோதியம்மா பழைய கூடையைத் தூக்கிக்கொண்டு, கிரிவலப் பாதையில் இருக்கிற அம்மா வீட்டுப் பக்கம் பூ விற்கப் போய்விடுவார்.

கார் அலங்காரத்துக்கு அவர் வந்தது ஒரு முகூர்த்த நாளில். சக்கரவர்த்தி என்று ஒருவர், அரிசி மண்டி வைத்திருப்பவர், அவரிடம் ஒரு பழைய திறந்த கார் உண்டு. அவருடைய அப்பா வாங்கியது. எந்தக் கம்பெனிக் கார் என்று கேட்காதீர்கள். மூக்கில் இருந்த பெயரெழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே காணாமல் போய்விட்டன. ஊருக்கு அது சக்கரவர்த்தி கார். அன்றைக்கு அதை அலங்காரம் செய்ய வேலூரிலிருந்து வரவேண்டியவர் வரவில்லை. சக்கரவர்த்தி பூக்கூடைக்காரர்களிடம் ஓடிவந்து, "யாராச்சும் கட்டுவீங்களா?" என்று கேட்டார். ஜோதியம்மாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். "நான் கட்றேன்" என்று எழுந்துவிட்டார். அதுவரைக்கும் ஒரு காரைத் தொட்டது கூட இல்லை.

காரை இரண்டு சுற்று சுற்றி வந்தாராம். சுற்றி வரும்போதே விரல்விட்டு எண்ணினாராம். முன்னால் தவில் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு விளக்கு, வளைந்த பம்பர், மூக்கின் மேல் ஒரு வெள்ளிப் பறவை, நான்கு கைப்பிடி, கால் வைத்து ஏறும் பலகை, பின்னால் மடங்கிக் கிடக்கும் கூரையின் கம்பிகள். முப்பத்திரண்டு இடத்தில் முடிச்சுப் போடலாம். "அந்தக் காரு செய்யும்போதே எவனோ பூக்காரிய மனசுல வெச்சிக்கினு தான் பாய் செஞ்சிருக்கான்" என்று என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

அழகுதான் அந்தக் கார், நானே மூன்று தடவை அதற்குச் சீட் தைத்திருக்கிறேன். தேங்காய் நாரும் ஸ்பிரிங்கும் வைத்த சீட், நான்கு நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். ஆனால் ஊர்வலத்தில் அது படுத்தும் பாடு சொல்லி மாளாது. நடக்கிற வேகத்தில் ஓட்டினால் கால் மணிக்கு ஒரு தரம் கொதித்துப் புகை விடும். அதனால் திருமலை ஒரு குடம் தண்ணீரோடும், ஜோதியம்மா நாரும் கத்தரியும் வைத்த பையோடும் காருக்குப் பின்னால் நடந்து வருவார்கள். கொதித்தால் ஊற்றவேண்டும், பூ தளர்ந்தால் கட்டவேண்டும். இருபத்தெட்டு வருஷமும் இப்படித்தான் நடந்தார்கள். தான் அலங்காரம் செய்த கார் ஊர்வலமாக வருவதை முன்னால் நின்று அந்த அம்மா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் இதை ஒருநாள் சொன்னபோது, "அதான் போட்டோ குடுக்கறாங்களே" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அவருடைய ஒரே மகள் ஆர்த்தி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். போன வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சுரேஷ்குமார் வேங்கிக்கால் பக்கம், அரசாங்க அலுவலகத்தில் வேலை. நிச்சயம் முடிந்த மறுநாள் காலையில் தகரத் தடுப்புக்கு மேல் ஜோதியம்மாவின் தலை தெரிந்தது.

"பாய், சக்கரவர்த்தி சார் கிட்ட வண்டி சொல்லிட்டேன். எம் பொண்ணு அதுல தான் வரா. சீட்டு ஒரு ஓரமா கிழிஞ்சிருக்குது, தெச்சி வெய்ங்க."

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பெண் அழைப்பு. பெண்ணைக் கோயிலில் உட்கார வைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் மேளதாளத்தோடு வந்து காரில் ஏற்றி மண்டபத்துக்கு அழைத்துப் போவார்கள். கார் கொண்டு வருவது மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. சந்தோஷத்தில் ஜோதியம்மா அதை மறந்துவிட்டார்.

அடுத்த வாரம் கடை வாசலில் ஒரு வெள்ளை பேட்டரி கார் வந்து நின்றது. வந்ததே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு அமைதி. சுரேஷ்குமார் இறங்கினான். முகமெல்லாம் பல்.

"அத்தை, வண்டி எப்படி இருக்குது? மொத காரு அத்தை. எங்க குடும்பத்துலயே மொத காரு. பொண்ணழைப்புக்கு ஆர்த்திய இதுல தான் கூப்பிட்டுக்கினு வரப்போறேன். நானே ஓட்டப் போறேன்."

சீட்டின் மேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. எனக்குப் பார்த்ததுமே எரிச்சல். உறை தைக்கலாமா என்று கேட்டேன். சீட்டின் விலாவிலேயே ஏர்பேக் என்கிற காற்றுப் பை இருக்கிறதாம், அங்கே ஊசி படக்கூடாதாம். போகட்டும், என் வருத்தம் எனக்கு. ஜோதியம்மா காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். விரல்கள் எண்ணுவதற்கு மடங்கத் தயாராக இருந்தன, ஒன்றுகூட மடங்கவில்லை.

"கைப்பிடி எங்க மாப்ள?"

"உள்ள இருக்குது அத்தை. சாவிய எடுத்துக்கினு கிட்ட வந்தா தானா வெளிய வரும்."

"வந்து?"

"கொஞ்ச நேரத்துல தானா உள்ள போய்டும்."

"அப்ப நான் கட்டுன பூ?"

 அவன் போன பிறகு ஜோதியம்மா என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"முட்டைக்குப் பூ வெக்கச் சொல்றாங்க பாய். எங்க வெக்கறது?"

இரண்டு நாள் கத்தரிச் சத்தமே கேட்கவில்லை. அது கோபத்தைவிட மோசம். மூன்றாம் நாள் திருமலை வந்து, "சரியா சாப்பிட மாட்டேங்கிறா" என்றார். அவர் ஒரு முழு வாக்கியம் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். நான் போய்ப் பார்த்தேன். சாமந்தியை மடியில் கொட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஊரான் பொண்ணுங்களுக்கெல்லாம் கட்டினேன் பாய். ஒவ்வொரு தடவையும் கட்டி முடிச்சிட்டு, மனசுக்குள்ள ஆர்த்திய அதுல உக்கார வெச்சிப் பாப்பேன். அவ பால் குடிக்கிற வயசுலேந்து பாக்கறேன். இப்ப வந்து வேற காருங்கறாங்க."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை, ஆனால் எனக்கு அழுகை வந்தது. சக்கரவர்த்தி காரே போதும் என்று மாப்பிள்ளையிடம் நான் பேசிப் பார்க்கவா என்று கேட்டேன். அப்போதுதான் ஆர்த்தி வேலை முடிந்து உள்ளே வந்தாள்.

"வேணாம் மாமா. அவர் எட்டு வருசமா பஸ்ல தொங்கிக்கினு வேலைக்குப் போனவர். அவருக்கு அது காரு இல்ல, கனவு. அம்மா, எனக்கு எந்தக் காரா இருந்தாலும் ஒண்ணுதான். ஆனா பூ நீ கட்டுனதா இருக்கணும். வேற யாராச்சும் வந்து ஸ்டிக்கர் ஒட்டி பிளாஸ்டிக் பூ வெச்சா நான் அந்தக் கார்ல ஏறமாட்டேன். நடந்தே வந்துடுவேன்."

ஜோதியம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தார். இப்போது விஷயம் அவர் கைக்கு வந்துவிட்டது. முடிச்சுப் போட இடமில்லாத காரில் பூ நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அவர் பெண்ணுக்கே அவர் பூ இல்லை.

எனக்குத்தான் அந்த யோசனை வந்தது. பிற்பாடு நடந்ததற்கெல்லாம் நானே காரணம் என்பதால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "முடிச்சு போட எடமில்லனா என்ன ஜோதிம்மா, சட்டை தெச்சிப் போட்டுடலாமே!" என்றேன். மாப்பிள்ளையை வரச்சொல்லி, காரை நிறுத்தி, டேப் பிடித்து அளவெடுத்தேன். மெல்லிய வலைத் துணியில் மூக்குக்கு ஒரு துண்டு, கூரைக்கு ஒன்று, பின்னால் ஒன்று, கதவுகளுக்குத் தனித்தனியாக. ஓரமெல்லாம் எலாஸ்டிக். கண்ணாடிகளையும் சக்கரங்களையும் மட்டும் விட்டு, மற்ற இடத்தில் கையுறை மாதிரி கச்சிதமாக உட்காரவேண்டும். காற்றுப் பைக்கு ஊசி படாமல் பின் சீட்டுக்கும் தனியாக ஒரு பூ உறை. சீட்டில் தைக்க விடாத கம்பெனிக்காரனை ஜெயித்த மாதிரி எனக்கு ஒரே குஷி.

அந்த வலையின் மேல் ஜோதியம்மாவும் திருமலையும் பூ தைத்தார்கள். கூரைக்கு மல்லி, மூக்குக்கு மஞ்சள் சாமந்தி, கதவுக்கு ரோஜா, ஓரமெல்லாம் மரிக்கொழுந்து. முன் கண்ணாடியின் மேல் விளிம்பில் மல்லிச் சரம் தோரணமாகத் தொங்கும். "ஒரு இஞ்சு வெள்ளத் தகரம் தெரியக்கூடாது" என்பது அந்த அம்மாவின் உத்தரவு. ஒரு இன்ச் தெரியாமல்தான் செய்தோம். அதுதான் தப்பு.

ஒரு தடவை மாட்டி ஓட்டிப் பார்த்திருக்கலாம். பூ வாடிவிடும் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் தைத்தது பொருந்தாமல் போய்விடுமா என்று எனக்கும் திமிர்.

பெண் அழைப்பு அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வேங்கிக்காலில் ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் காரை நிறுத்திவைத்து உடுத்தினோம். உடுத்தினோம் என்றுதான் சொல்லவேண்டும். கடைசி எலாஸ்டிக்கை இழுத்துவிட்டு நான் நிமிர்ந்தபோது எல்லாரும் காரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பூவால் செய்த கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை ரேணுகாம்பாள் எதையும் லேசில் மெச்சாதவர் என்று கேள்வி. அவரே கிட்டே வந்து மல்லியை முகர்ந்து பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார். விருந்தாளியாக வந்திருந்த சக்கரவர்த்தி, தன் பழைய காரைத் தெரு முனையில் விட்டுவிட்டு வந்து நின்று ரசித்தார்.

ஆர்த்தியைப் பின் சீட்டில் உட்கார வைத்தார்கள். முன் சீட்டில் ரேணுகாம்பாள். சுரேஷ்குமார் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். மாப்பிள்ளையே ஓட்டுவதா என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், அவன் காதில் வாங்கவில்லை. தேங்காய் உடைத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நாதஸ்வரம் எடுத்துக் கொடுக்க, தவில் பிடித்துக்கொள்ள, கார் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு பத்தடி போனது. டிங் டிங் டிங் என்று மணி அடித்தது. நின்றுவிட்டது.

மறுபடி நகர்ந்தது. இரண்டடி. டிங் டிங் டிங். நின்றது. முன்னால் போன மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுரேஷ்குமார் எதிரே இருந்த பெரிய திரையில் இங்கே குத்தினான், அங்கே குத்தினான். படம் படமாக மாறியதே தவிர கார் அசையவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கி ரேணுகாம்பாள் வெளியே தலையை நீட்டினார்.

"மொத அடியிலயே நின்னுடுச்சே. இது என்னா சகுனமோ."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கூட்டத்தில் அது பரவுவதற்கு நேரம் ஆகவில்லை. ஜோதியம்மா வழக்கம்போல் காருக்குப் பின்னால், தோளில் நார்ப் பையோடு நின்றிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் திருமலை தண்ணீர்க் குடத்தோடு நின்றார். பேட்டரி காருக்கு எதற்குக் குடம் என்று நான் முதலிலேயே கேட்டிருந்தேன், பழக்கம் என்று சொல்லிவிட்டார்.

சக்கரவர்த்தி ஜோதியம்மாவிடம் வந்தார். நல்ல மனுஷர், உதவி செய்யத்தான் வந்தார்.

"ஏம்மா, என் வண்டி அதோ முனையில தான் நிக்குது. பொண்ண அதுல மாத்திக்கலாம். இந்தப் பூவ எடுத்து அது மேல போட எவ்ளோ நேரம் ஆவும்?"

நான் ஜோதியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு முனையில் சாயங்கால வெயிலில் அந்தப் பழைய கார் பளபளவென்று நின்றது. முப்பத்திரண்டு முடிச்சுக்கும் இடம் இருக்கிற கார். பால் குடிக்கிற வயதிலிருந்து மகளை மனதுக்குள் உட்கார வைத்துப் பார்த்த கார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நினைத்தது நடந்துவிடும், யாரும் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு இந்தக் காருக்குள் பார்த்தார். சுரேஷ்குமார் நெற்றியில் வேர்வை வழிய, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், அந்தத் திரையைக் குத்திக்கொண்டே இருந்தான். 

"வேணாங்க சார்" என்றார் ஜோதியம்மா. "அந்தப் புள்ள மூஞ்சியப் பாருங்க. நானே அத எறக்கி வுட்டா நல்லா இருக்குமா?"

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போனார்.

"மாப்ள, எதுக்குங்க நிக்குது?"

"முன்னாடி யாரோ நிக்கறாங்கன்னு நெனச்சிக்குது அத்தை. யாருமே இல்ல. எனக்கு ஒண்ணும் புரியல."

"யாரோ நிக்கறாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியுது?"

"கேமரா இருக்குது. சென்சார் இருக்குது. அதெல்லாம் கண்ணு மாதிரி, பக்கத்துல யார் வந்தாலும் பாத்து நிறுத்திடும்."

"கண்ணா? இதுக்குக் கண்ணு இருக்குதா? எங்க?"

அவன் இறங்கி வந்து காட்டினான். மூக்கின் நடுவில் ஒன்று. முன் பம்பரில் பொட்டு மாதிரி நான்கு, பின்னால் நான்கு. பக்கவாட்டுக் கண்ணாடிக் கூடுகளின் அடியில் ஒவ்வொன்று. முன் கண்ணாடியின் உச்சியில், எங்கள் மல்லித் தோரணத்துக்கு நேர் பின்னால் இன்னொன்று. மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டையும் நானும் அந்த அம்மாவும் சேர்ந்து ஒரு இன்ச் விடாமல் பூ வைத்து மூடியிருந்தோம். சாமந்தியை மனுஷன் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கார் மரியாதையாக நின்றிருக்கிறது.

ஜோதியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! கண்ணு மேல பூ வெச்சிட்டேனே! அம்மனுக்கு மூட்டை மூட்டையா பூ சாத்தினாலும் கண்ண மறைப்பாங்களா? இத்தினி வருசம் கட்டுறவ, எனக்கு எங்க போச்சு புத்தி? பாய், கத்தரி!"

துணி வெட்டும் என் கத்தரியைக் கொடுத்தேன். ராப்பகலாய்த் தைத்த உறை, முதல் வெட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் தயங்கவில்லை. கண் ஒவ்வொன்றுக்கும் ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக வெட்டினார். வெட்டிய ஓரம் பிரியாமல் நான் ஊசி போட்டேன். திருமலை குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கனகாம்பரத்தை வளையம் வளையமாகக் கட்டி நீட்டினார். ஒவ்வொரு கண்ணையும் சுற்றி ஒரு வளையம். தோரணத்தை ஜோதியம்மா நடுவில் பிரித்து இரண்டு பக்கமும் வகிடு எடுத்த மாதிரி ஒதுக்கினார். மேளக்காரர்கள் சும்மா நிற்பானேன் என்று ஒரு பாட்டே வாசித்து முடித்தார்கள்.

ரேணுகாம்பாள் இறங்கி வந்து காரின் எதிரே நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இப்ப தாம்மா இதுக்கு முகமே வந்திருக்குது" என்றார். சகுனத்தைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது. அவர் சொல்லி ஆரம்பித்தது, அவர் சொல்லித்தான் முடியவேண்டும்.

கார் நகர்ந்தது. இந்தத் தடவை மணி அடிக்கவில்லை. கிடுகிடுவென்று மேளம் எழும்ப, விசில் பறக்க, நடக்கிற வேகத்தில் பூவாக ஊர்ந்து போனது. வைகாசி வெயிலுக்கு அந்நேரம் சக்கரவர்த்தி கார் இரண்டு தடவை கொதித்திருக்கும். இது கொதிக்கவும் இல்லை, இருமவும் இல்லை. சின்னக் குழந்தை ஒன்று குறுக்கே ஓடியபோது மட்டும் தானாக நின்று வழிவிட்டது. நானும் ஒத்துக்கொள்ளவேண்டியதுதான், நல்ல பிள்ளை மாதிரி நடந்துகொண்டது.

பின்னால் ஜோதியம்மாவுக்கு வேலையே இல்லை. பூ தளரவில்லை, எலாஸ்டிக் அப்படிப்பட்டது. தண்ணீர் ஊற்றவேண்டியதில்லை. கொஞ்ச தூரம் போனதும் திருமலை குடத்தை நாதஸ்வரக்காரரிடம் கொடுத்தார், அவர் மடக் மடக்கென்று குடித்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுத்தார். ஜோதியம்மா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டு வந்தார்.

"முன்னாடி போய்ப் பாருங்களேன்" என்றேன்.

"நானா?"

"பின்ன யாரு? இங்க என்னா வேல உங்களுக்கு?"

தயங்கித் தயங்கிக் காரின் ஓரமாக நடந்தார். கதவைத் தாண்டினார், விளக்கைத் தாண்டினார், முன்னால் போய்த் திரும்பினார்.

நான் அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே கூட ஓடினேன். அது வரைக்கும் அவர் பார்த்ததெல்லாம் புகையும், பின் சக்கரமும், மாப்பிள்ளைகளின் முதுகும்தான். இப்போது மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு கார், பன்னிரண்டு கண்ணையும் திறந்துகொண்டு அவரை நோக்கி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஆர்த்தி சிரித்துக்கொண்டிருந்தாள். ஜோதியம்மா பின்பக்கமாகவே அடிமேல் அடி எடுத்து நடந்தார். பார்க்கப் பார்க்கப் போதவில்லை போலிருக்கிறது, நடையின் வேகம் குறைந்தது. அப்புறம் நடப்பதையே மறந்து நடுரோட்டில் நின்றுவிட்டார்.

டிங் டிங் டிங்.

கார் நின்றது. மேளம் தடுமாறியது.  சுரேஷ்குமார் பதறிப்போய் எட்டிப் பார்த்தான், பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"அத்தை! இந்த தடவ நெஜமாவே ஆளு நிக்குது!"

அப்புறம் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஜோதியம்மா வெட்கத்தோடு ஓரமாக ஒதுங்கப் பார்த்தார்.

"ஒதுங்காதீங்க அத்தை. நீங்க கீழ நிக்கற வரைக்கும் வண்டி வராது. ஏறுங்க."

"ஐயோ, நான் எதுக்கு மாப்ள? ஏறுனா பூ கசங்கும்."

பின் கதவு திறந்தது. திறந்தவள் ஆர்த்தி. முன் சீட்டிலிருந்து ரேணுகாம்பாள் திரும்பி, "சம்பந்தி, மேளக்காரங்க நிக்கறாங்க பாருங்க. வந்து உக்காருங்க" என்று அதட்டினார். அந்த அம்மாவை அதட்ட ஊரில் ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. ஜோதியம்மா நார்ப் பையை என் கையில் திணித்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி ஏறினார். அந்தச் செருப்பையும் நான்தான் மண்டபம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

ஏறினவர் மாப்பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகுக்கும் பூவுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. நான் ஜன்னல் ஓரமாகவே நடந்ததால் எல்லாம் தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஆர்த்தி அம்மாவின் தோளில் கை போட்டாள்.

"சாயும்மா."

"கசங்கும்டி."

"கசங்கட்டும். சாயும்மா."

அதற்குள் கூட்டம் என்னைத் தள்ளிவிட்டது. சாய்ந்தாரா இல்லையா என்று பார்க்க முடியவில்லை. மறுநாள் தாலி கட்டி, சாப்பாடு ஆகி, எல்லாரும் ஓய்ந்த பிறகு உறைகளைக் கழற்றப் போனேன். பின் சீட்டில் ஆர்த்தி உட்கார்ந்த பக்கம் பூ அங்கங்கேதான் வாடியிருந்தது. மறுபக்கம், நல்ல அகலமான ஒரு முதுகின் அளவுக்கு, மல்லி முழுவதும் தட்டையாக நசுங்கிக் கிடந்தது.